ஏசிபிஐ=ஆஃப் போட்டால்தான் எழுகிறது: பழைய மடிக்கணினியை அப்படியே விட்டுவிடலாமா?

2024 ஜூன் 5, மாலை 6.40 (கேள்வி)

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். கொழும்பில் வேலை செய்யும் உறவினர் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்தார். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டுச் சில மாதங்கள் நன்றாக ஓடியது. இப்போது, எழும்போது முதலில் வரும் கிரப் என்ற தொடக்கப் பட்டியலைத் தாண்டியதும் திரை கறுத்துப்போகிறது, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னுகிறது. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவ்வளவுதான். ஒருவர் சொன்னபடி கிரப் வரியில் ஏசிபிஐ=ஆஃப் என்று சேர்த்தேன், எழுந்துவிட்டது. அதையே நிரந்தரமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறார்கள். எழுகிற இயந்திரத்தை எதற்கு மேலும் நோண்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணமும். இதில் ஏதும் ஆபத்து உண்டா, அண்ணா?

ஜூன் 5, இரவு 9.15 (பதில்)

உண்டு டீச்சர். ஏசிபிஐ என்பது மின்சாரம், பெட்டரி போன்றவற்றை இயங்குதளம் நிர்வகிப்பதற்கான ஏற்பாடு. ஆஃப் என்றால் அது முழுதும் நின்றுவிடும். ஏசிபிஐ=ஆஃப் போட்டு எழுந்த இயந்திரம் குணமான இயந்திரம் அல்ல. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இப்போதே மூன்று காரியம் செய்து பாருங்கள். முனையத்தைத் திறந்து என்ப்ராக் என்று தட்டுங்கள். செயலியில் இரண்டு கரு (கோர்), நான்கு கரு இருந்தாலும் 1 என்று வந்தால், மற்றக் கருக்களை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை என்று பொருள். அவற்றைப் பட்டியலிடும் அட்டவணையும் ஏசிபிஐக்குள்தான் இருக்கிறது. அடுத்தது, மேல் மூலையில் பெட்டரிக் குறி இருக்கிறதா? இருக்காது. கடைசியாக, இயந்திரத்தை அணையுங்கள். நிறுத்தப்பட்டது என்ற வரியுடன் நின்றுவிட்டு, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என்னைக் கவலைப்பட வைப்பது வெப்பம். சில இயந்திரங்களில் விசிறியை உள்ளே இருக்கும் தனிச் சில்லு தானே கவனித்துக்கொள்ளும். சிலவற்றில் இயங்குதளம் சொன்னால்தான் வேகம் கூடும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல், பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்க்கும் ஒன்றை அப்படி ஓட விட எனக்கு மனம் வராது.

ஜூன் 5, இரவு 9.40

முக்கியமானதை விட்டுவிட்டேன். கிரப் பட்டியலில் ஆங்கில ஈ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் கொயட், ஸ்பிளாஷ் என்று இருப்பவற்றை நீக்குங்கள். ஏசிபிஐ=ஆஃப் என்பதையும் எடுத்துவிடுங்கள். பிறகு எஃப்10. வரிகள் ஓடும். நிற்கும் இடத்தில் கைப்பேசியால் ஒரு படம் எடுங்கள், கடைசி இருபது வரியாவது தெளிவாகத் தெரியட்டும். இந்தத் திருத்தம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே. அடுத்த முறை பழையபடி வந்துவிடும், பயப்படத் தேவையில்லை.

இயந்திரம் தானே எழுதி வைக்கும் ஜர்னல்சிடிஎல் பதிவில் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்பார். நடுவழியில் நின்று, பொத்தானை அழுத்தி அணைத்த இயந்திரத்தில் கடைசி வரிகள் வட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. படம்தான் சாட்சி.

ஜூன் 7, மாலை 5.55 (டீச்சரிடமிருந்து)

என்ப்ராக் 1 என்றது. அணைத்தால் விளக்கு எரிகிறது, நீங்கள் சொன்னபடியே. படத்தில் ஏசிபிஐ பிழை என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது, முடிவில் ஏஇ_டைம் என்று இருக்கிறது. இடையில் இசி என்ற எழுத்துகளும் பேட்0 என்பதும் தெரிகின்றன. இதையும் சொல்ல வேண்டும்: மின்சாரம் போனால் இது ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

ஜூன் 7, இரவு 8.30

பேட்0 என்பது பெட்டரி. இசி என்பது உட்பொதி கட்டுப்படுத்தி. விசைப்பலகை, மூடி, விசிறி, பெட்டரி எல்லாவற்றையும் கவனிக்கும் சிறு சில்லு. ஏஇ_டைம் என்றால் கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று பொருள். உங்கள் படத்தில் கதை முழுதும் இருக்கிறது டீச்சர்.

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். பெட்டரியின் உள்ளேயும் ஒரு சிறு சுற்று உண்டு, எவ்வளவு மின்னூட்டம் மிச்சம் என்று அதுதான் சொல்லும். கலங்கள் செத்துக்கொண்டிருக்கும் பெட்டரியில் அந்தச் சுற்றும் தடுமாறத் தொடங்குகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் கேட்கிறது, கட்டுப்படுத்தி பெட்டரியைக் கேட்கிறது, பெட்டரி பதில் சொல்லாமல் இருக்கிறது. அது முடிகிறவரை ஏசிபிஐ வழியாகப் போக வேண்டிய மற்ற வேலைகளும் வரிசையில் நிற்கின்றன. ஏசிபிஐயை அடியோடு அணைத்தால் கேள்வியே எழுவதில்லை. அதனால்தான் எழுந்தது.

பின்னணி தெரிந்தால் இந்தப் பிழைகளைப் பார்த்துக் கலங்க மாட்டீர்கள். ஏசிபிஐ 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏற்பாடு. அதற்குமுன் ஏபிஎம் என்று ஒன்று இருந்தது, அதில் மின்சார நிர்வாகம் பெரும்பாலும், இயந்திரம் எழும்போது முதலில் ஓடும் உள் மென்பொருளான பயோஸின் கையில். ஏசிபிஐ வந்தபின் இயங்குதளத்தின் கைக்கு வந்தது. ஆனால் எந்தச் சாதனத்தை எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது என்ற விவரத்தை ஒவ்வொரு தயாரிப்பாளரும் டிஎஸ்டிடி என்ற அட்டவணையில் எழுதி பயோஸுக்குள் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான பழைய மடிக்கணினிகளில் அந்த அட்டவணை விண்டோஸில் ஓடினால் போதும் என்ற அளவில்தான் சோதிக்கப்பட்டது. நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று அட்டவணை கேட்கும்போது லினக்ஸ் கெர்னல் ஆம் விண்டோஸ்தான் என்றே பதில் சொல்கிறது. லினக்ஸ் என்று சொன்னால், யாரும் சோதிக்காத பாதையில் போய் விழ வேண்டியிருக்கும்.

இனிச் செய்ய வேண்டியது: சார்ஜரைக் கழற்றுங்கள். பெட்டரியைக் கழற்றுங்கள், அடியில் இரண்டு தாழ்ப்பாள் இருக்கும். ஆற்றல் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்னூட்டம் வடியட்டும். பெட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் மாட்டி, ஏசிபிஐ=ஆஃப் இல்லாமல் எழுப்பிப் பாருங்கள். பெட்டரி உப்பியிருந்தால் அதைத் திரும்ப மாட்டவே வேண்டாம். குத்துவதோ அடுப்பில் போடுவதோ கூடவே கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வெளியே வையுங்கள்.

ஜூன் 8, காலை 10.20

இதற்கிடையில் பண்டாரவளைத் தம்பி ஒருவர், தன் இயந்திரம் எழுந்த சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடுவதாகவும், தெர்மல்.நோசிஆர்டி=1 போட்டதும் அந்த அணைதல் நின்றுவிட்டதாகவும், டீச்சரும் அதைச் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, தயவுசெய்து அதை உடனே எடுத்துவிடுங்கள். எல்லை மீறிய வெப்பம் என்று தெரிந்ததும் கெர்னல் இயந்திரத்தை அணைக்கிறதே, அந்தச் செயலைத் தடுப்பதுதான் அந்தச் சொல்லின் வேலை. வெப்பம் குறைவதில்லை, எச்சரிக்கைதான் போகிறது. செயலிக்குள் கடைசிப் பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். அதை நம்பி அன்றாடம் ஓட்டக் கூடாது.

விசிறியைக் கழற்றிப் பாருங்கள். தோட்டத்து வீடுகளிலிருந்து என்னிடம் வரும் இயந்திரங்களில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில், விரல் அகலத்துக்கு, கம்பளித் துண்டை வெட்டி வைத்ததுபோல ஒரு படலம் இருக்கும். குளிருக்குப் போர்த்தும் கம்பளியின் நூலும் ஸ்வெட்டர் பஞ்சும் விறகடுப்புப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இறுகிப்போனது அது. வெளியிலிருந்து ஊதினால் போகாது, இன்னும் உள்ளே போய் அடையும். மேல் மூடியைத் திறந்து, சாமணத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும். தகடுகளுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிய வேண்டும், அதுவரை விடாதீர்கள். செயலியின் மேல் இருக்கும் வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கட்டிலிலும் மெத்தையிலும் கம்பளிமேலும் மடிக்கணினியை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நுவரெலியாக் குளிரில் இயந்திரம் சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். காற்றுப் போகும் வழி அடைத்திருந்தால் வெளிக்குளிர் உள்ளே எட்டுவதே இல்லை.

ஜூன் 9, இரவு 7.05 (டீச்சரிடமிருந்து)

பெட்டரியைக் கழற்றினேன். எழுந்துவிட்டது! ஏசிபிஐ=ஆஃப் இல்லாமலே. என்ப்ராக் 2 என்கிறது. பெட்டரி உப்பவில்லை. ஆனால் எழும்போது நடுவில் அரை நிமிடம்போல நிற்கிறது, ரெஸ்யூம் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு வரி வருகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஸ்வாப் பகுதியைப் பெரிதாக்கிக் கொடுத்தார், அதனாலா?

ஜூன் 9, இரவு 8.10

அதனாலேதான். உறக்கநிலைக்குப் போன இயந்திரம் தன் நினைவகத்தை வட்டில் இருக்கும் ஸ்வாப் பகுதியில் எழுதி வைக்கும். எழும்போது, எழுதி வைத்தது ஏதும் உண்டா என்று அந்தப் பகுதியைத் தேடும். பகுதியை அழித்துப் புதிதாக அமைத்தால் அதன் அடையாள எண் மாறிவிடும், கெர்னலோ பழைய எண்ணைத் தேடிக் காத்திருக்கிறது. ஈடிசி கோப்புறைக்குள் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ், அதற்குள் கான்ஃப்.டி, அதற்குள் ரெஸ்யூம் என்ற கோப்பு. அதில் இருப்பதை நீக்கி ரெஸ்யூம்=நன் என்று எழுதுங்கள், ரெஸ்யூம் பெரிய எழுத்தில், நன் சிறிய எழுத்தில். பிறகு முனையத்தில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்று தட்டுங்கள். வகுப்புக்குப் பயன்படும் இயந்திரத்துக்கு உறக்கநிலை தேவையில்லை.

ஈடிசியில், வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பையும் பாருங்கள். அங்கும் பழைய எண் இருந்தால், எழும்போது சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். பிஎல்கேஐடி கட்டளை புதிய எண்ணைத் தரும், எழுத்து மாறாமல் படியெடுத்து வையுங்கள்.

ஜூன் 10, காலை 6.30

இரவு யோசித்துப் பார்த்தேன். பெட்டரி இல்லாமல் ஓட்டுங்கள் என்று விட்டுவிடுவது சரியாகப் படவில்லை. கொழும்பில் ஓர் அலுவலக மேசையில் இருந்தால் அது போதும். உங்கள் பக்கம் மழை தொடங்கிவிட்டது, மரக்கிளை விழுந்தால் மின்சாரம் போகும். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் லக்ஷபான நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் தருகின்றன. தலவாக்கலையில் அணை கட்டிய மேல் கொத்மலைத் திட்டம் மட்டும் 150 மெகாவாட். நாட்டுக்கு வெளிச்சம் தரும் தண்ணீர் நம் மலையில் ஓடுகிறது, அதன் கரையில் இருக்கும் லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்த காலத்தை நாம் மறக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஒரு செத்த பெட்டரிகூட எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்தோம். கோப்பைச் சேமிக்க ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே இதைச் செய்து பாருங்கள். பெட்டரி உப்பவில்லை, சூடாகவில்லை என்றால் திரும்ப மாட்டுங்கள். கிரப் வரியில் மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=பெட்டரி என்று சேருங்கள். டெபியனில் பெட்டரி ஓட்டி (பெட்டரியோடு பேசும் நிரல்) தனிக் கூறாக இருக்கிறது, அதனால் இது வேலை செய்யும். கெர்னல் பெட்டரியிடம் எதையும் கேட்காது. மின்சாரம் போனால் பெட்டரி தன் பாட்டுக்குத் தாங்கும். எத்தனை வீதம் மிச்சம் என்று திரையில் தெரியாது, எச்சரிக்கையும் வராது. எனவே மின்சாரம் போனதும் சேமி, அணை. பிள்ளைகளுக்கு இதை ஒரு பழக்கமாக ஆக்கிவிடுங்கள்.

திடீரென்று அணைந்தால் எல்லாம் அழிந்துவிடுமா என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாக 5 விநாடிக்கு ஒருமுறை தன் குறிப்பேட்டை வட்டில் பதிகிறது. கோப்பு முறைமை பெரும்பாலும் தப்பிக்கும், சேமிக்காத கட்டுரைதான் போகும்.

ஜூன் 10, காலை 6.45

இடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. ரவுட்டரிலிருந்து வயர் போட்டிருந்தால் அதையும். பழைய லயன்களில் நிலக்கம்பி எங்கே போகிறது என்று வயர்மேனிடம் கேட்டுப் பாருங்கள், எங்கேயும் போகாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மின்னலுக்குப்பின் எழாத இயந்திரத்தில் கெர்னல் சொற்களைத் தேடிப் பயன் இல்லை. முதலில் வேறொரு சார்ஜரை மாட்டிப் பாருங்கள்.

ஜூன் 12, இரவு 9.00

டீச்சர் தனியாக அனுப்பிய செய்தியின் சாரம்: பெட்டரியை மாட்டி, கூறைத் தடுத்து எழுப்பினார், தடையில்லாமல் வந்தது. அரை நிமிடக் காத்திருப்பும் போய்விட்டது. எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

இனி இதை நிரந்தரமாக்க வேண்டும். ஈடிசிக்குள் டிஃபால்ட் கோப்புறை, அதில் கிரப் கோப்பு. லினக்ஸ் டிஃபால்ட் என்று முடியும் வரியில், மேற்கோள் குறிகளுக்குள், ஏசிபிஐ=ஆஃப் இருந்தால் எடுத்துவிட்டுப் புதிய மாட்ப்ரோப் சொல்லை எழுதுங்கள். பிறகு அப்டேட்-கிரப்.

ஜூன் 14, மாலை 4.15

நானுஓயாவிலிருந்து ஒருவர்: காலைக் குளிரில் எழுப்பினால் திகதி பல ஆண்டு பின்னால் போகிறது, சில நாளில் வட்டையே காணவில்லை, பகலில் சரியாகிவிடுகிறது. இது ஏசிபிஐயா?

இல்லை. தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவுப் பெட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தளர்ந்துவிட்டது. குளிரில் இன்னும் தளரும். பயோஸ் தன் அமைப்புகளை மறந்து தொடக்க நிலைக்குப் போகும்போது வட்டின் இயக்க முறையும் மாறக்கூடும், அதனால்தான் வட்டு தெரியாமல் போகிறது. திகதி பின்னால் இருந்தால் இணையத்தளங்களும் சான்றிதழ் பிழை என்று திறக்காது. புதியது ஒன்று வாங்கி மாட்டி, பயோஸுக்குள் போய்த் திகதியையும் வட்டு முறையையும் பழையபடி வையுங்கள். மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

ஜூன் 14, மாலை 5.00

பதுளையிலிருந்து இன்னொருவர்: சிறிய மடிக்கணினி, நன்றாக எழுகிறது, சிறிது நேரத்தில் அப்படியே உறைந்துவிடுகிறது, சுட்டிகூட அசைவதில்லை. செயலியின் பெயரைப் பாருங்கள். 2013 வாக்கில் வந்த இன்டெலின் பே டிரெயில் வகையாக இருந்தால் இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1 என்று போட்டுப் பாருங்கள். வேலையில்லாதபோது செயலி ஆழ்ந்த ஓய்வு நிலைகளுக்குப் போய்த் திரும்பும் இடத்தில்தான் அவை சிக்கிக்கொண்டன. ஆழமான ஓய்வைத் தடுத்தால் பெட்டரி சீக்கிரம் தீரும், உறைதல் நிற்கும். புதிய கெர்னல்களில் நிலைமை மேல், அதனால் முதலில் கெர்னலைப் புதுப்பித்துவிட்டு இந்தச் சொல் இல்லாமலே ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

இணையத்தில் ஒரே வரியில் ஏசிபிஐ=ஆஃப் நோஏபிஐசி நோலாபிக் நோமோட்செட் என்று அள்ளிப் போடச் சொல்லும் அறிவுரைகளை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றும் வேறுவேறு கதவை மூடுகிறது. ஒன்று போடுங்கள், எழுப்புங்கள், எழுதி வையுங்கள், எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பெரியதை மூடுவதற்கு முன் சிறியதை மூடிப் பார்க்க வேண்டும்: சாதனங்கள் செயலியை அழைக்கும் குறுக்கீட்டு வழிகள்தான் சந்தேகம் என்றால் ஏசிபிஐ=நோஐஆர்கியூ அல்லது பிசிஐ=நோஏசிபிஐ. விண்டோஸ் பதிப்புக் கேள்விதான் சந்தேகம் என்றால் ஏசிபிஐ_ஓஎஸ்ஐ. இவற்றில் ஒன்றால் எழுந்துவிட்டால் மற்றக் கருக்களும் பெட்டரிக் குறியும் உங்களிடமே இருக்கும்.

ஜூலை 2, இரவு 8.20 (டீச்சரிடமிருந்து)

பெற்றோர்கள் சேர்ந்து காசு போட்டுக் கண்டியில் புதிய பெட்டரி வாங்கிவிட்டோம். தடுத்த சொல்லை எடுத்துவிட்டேன், வீதம் சரியாகக் காட்டுகிறது. இப்போது கெர்னல் புதுப்பிப்பு வந்திருக்கிறது, போடலாமா? மறுபடியும் ஏதாவது ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

ஜூலை 2, இரவு 9.05

போடுங்கள் டீச்சர். பழைய கெர்னலை மட்டும் நீங்களாக நீக்காதீர்கள். புதியது எழ மறுத்தால் கிரப்பில் இரண்டாவது வரியான மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழையதைத் தெரிவு செய்யலாம். புதுப்பிப்பதற்கு முன் சார்ஜர் மாட்டியிருக்கட்டும், பெட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், வானமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு நடுவே பிள்ளைகள் மூடியை மூடினால் தூங்கிவிட்டு எழ மறுக்கிறது என்று முன்பு சொன்னீர்களே, அதற்கு ஈடிசிக்குள் சிஸ்டம்டி, அதற்குள் லாகின்டி.கான்ஃப் கோப்பு. ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் முன்னால் இருக்கும் குறியை நீக்கி இக்னோர் என்று எழுதிவிட்டு இயந்திரத்தை மீண்டும் தொடக்குங்கள். மேசைச் சூழல் தனக்கென்று ஓர் ஆற்றல் அமைப்பு வைத்திருந்தால் அங்கேயும் மூடிக்கு ஒன்றும் செய்யாதே என்று மாற்ற வேண்டும். மூடியபடி பைக்குள் வைக்கும்போது மட்டும் முறைப்படி அணைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பைக்குள் ஓடிச் சூடாகும்.